கொல்லைக் கிணற்றில் கிடைத்த கோலி சோடா பாட்டில்: எந்த ஊர்ச் சரக்கு?

பூதலூரான் | ஞாயிறு, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். நாலு வருஷமா இங்கே படிச்சிட்டு மட்டும் போற ஆள் நான். முதல் தடவையா இழை தொடங்குறேன், தப்பிருந்தா பொறுத்துக்குங்க.

பூதலூர் பக்கம் எங்க பூர்வீக வீட்டுல கொல்லைக் கிணறு இருபது வருஷமா தூர்ந்து கிடந்தது. போன வாரம் ஆள் வெச்சு தூர்வாரினோம். சேறு, உடைஞ்ச ஓடு, ஒரு பித்தளைச் செம்பு, தேஞ்சுபோன ராட்டினக் கட்டை, அதோட இந்த பாட்டிலும் வந்தது. கழுவினதுல பச்சையும் நீலமும் கலந்த கண்ணாடி. ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். சமையல் தராசுல வெச்சேன், 540 கிராம். உள்ளே கோலி இருக்கு, ஆட்டினா கடகடங்குது. கழுத்துல ரெண்டு பக்கமும் விரலால அமுக்கின மாதிரி குழி.

விஷயம் என்னன்னா, கண்ணாடியிலேயே எழுத்து புடைச்சு நிக்குது. இங்கிலீஷ். ஒரு பக்கம் மேலே வில்லா வளைஞ்சு ஏதோ ஒரு பேர், முழுக்க தேஞ்சு போச்சு, கடைசியில "அண்ட் கோ" மட்டும் தெரியுது. அதுக்கு எதிரா கீழே ஒரு வளைவு. அதுல கடைசி அஞ்சு எழுத்துதான் இருக்கு: ஓ, பி, ஓ, எல், ஒய். மறுபக்கம் அடியை ஒட்டிச் சின்ன எழுத்துல ரெண்டு வரி. முதல் வரி "...லேண்ட்ஸ்" மாதிரி முடியுது, ரெண்டாவது "...ன்ஸ்லி".

படம் மூணு போட்டிருக்கேன். எந்த ஊர்ப் பாட்டில், எந்தக் காலம்னு யாராவது சொல்ல முடியுமா? அம்மா இதை மணிபிளான்ட் வைக்கக் கேட்குறாங்க. அதுக்குள்ள தெரிஞ்சுக்கணும்.

டீக்கடை பெஞ்ச் | ஞாயிறு, இரவு 9:31

ஓபோலி... மோனோபோலி! அந்தக் காலத்துலயே சோடா சந்தையில ஏகபோகம் பண்ணியிருக்கான் பாருங்க.

சந்தேகப் பேர்வழி | ஞாயிறு, இரவு 10:05

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். உள்ளே கோலியோட, எழுத்தோட, உடையாத பாட்டில்னாலே எனக்குச் சந்தேகம் வரும். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு விக்கிறதுக்காகவே பழைய இங்கிலீஷ் பேரை அச்சுல போட்டு நம்ம நாட்டுலயே புதுசா வார்த்து அனுப்புறாங்க. நானே ஒரு பழம்பொருள் கடையில கருநீலத்துல ஒண்ணு வாங்கி ஏமாந்தவன். வீட்டுக்கு வந்து தடவிப் பார்த்தா எழுத்தெல்லாம் கொழகொழன்னு மெழுகு உருகின மாதிரி இருந்தது. ரெண்டு பாதி அச்சு சேர்ற இடத்துல ஒரு கோடு விழுமே, அது வாய் விளிம்பு வரைக்கும் ஏறுதான்னு பாருங்க. ஏறினா மிஷின்ல செஞ்சது, புதுசு. தோளோட நின்னா கையால செஞ்சது, பழசு. இது அடிப்படைப் பாடம்.

கண்ணாடிச் சில்லு | திங்கள், காலை 6:48

பூதலூரான், நல்ல பொருள். பதற வேண்டாம். மணிபிளான்ட் மட்டும் வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க, உப்புத்தண்ணி நின்னா உள்பக்கம் இன்னும் மங்கிப் போகும்.

முதல்ல சந்தேகப் பேர்வழி சொன்ன அச்சுக்கோடு விஷயம். சாதாரண பாட்டிலுக்கு அது சரியான பாடம்தான். 1903 வாக்கில் அமெரிக்காவுல மைக்கேல் ஓவன்ஸ் தானியங்கி மிஷினைக் கொண்டுவந்த பிறகு கோடு வாய் வரைக்கும் ஏற ஆரம்பிச்சது. ஆனா கோலி பாட்டிலுக்கு இந்தப் பரீட்சையை வெச்சா ஏமாந்துடுவோம். யோசிச்சுப் பாருங்க, கோலி அந்த வாய் வழியா வெளியே வராது. அப்போ உள்ளே எப்படிப் போச்சு? வாயை அகலமா விட்டு உடம்பை வார்க்குறாங்க, கோலியைப் போடுறாங்க, அப்புறம் கழுத்தை மறுபடி சூடாக்கிக் குறுக்கி உதடு கட்டுறாங்க. ரப்பர் வளையம் உட்கார்ற பள்ளமும் அப்பதான் விழும். உதட்டை வேலை செய்யும்போது கோடு அழிஞ்சுபோகும். 1880ல செஞ்சதும் அப்படித்தான், போன வருஷம் செஞ்சதும் அப்படித்தான். அதனால கோடு நின்னுபோனது பழசுங்கிறதுக்குச் சாட்சி ஆகாது.

நான் பார்க்கிறது வேற மூணு இடம். பாட்டில் நிக்கிற அடி வளையம், உடம்புல அதிகம் புடைச்ச இடம், உள்சுவர். சோடாப் பெட்டியில பக்கத்துப் பாட்டிலோட உரசி உரசி, புடைச்ச இடத்துல நெற்றிப் பட்டை மாதிரி ஒரு சொரசொரப்பு விழுந்திருக்கும். அதைப் போலியில கொண்டுவரணும்னா உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். தேய்ச்சா எல்லாக் கீறலும் ஒரே திசையில ஓடும். உண்மையான தேய்மானத்துக்குத் திசை கிடையாது. உங்க மூணாவது படத்துல எழுத்து தேஞ்சிருக்கிறதே அந்தப் பட்டையிலதான். எனக்கு அதுவே பாதி நம்பிக்கை கொடுத்துடுச்சு.

இப்போ எழுத்தைப் படிக்கிற வழி. பகல்ல வேண்டாம். ராத்திரி விளக்கை அணைச்சிட்டு செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டுல, கண்ணாடியோட ஒட்டினாப்புல பிடியுங்க. புடைப்புக்குப் பின்னாடி நிழல் விழும். அப்புறம் மெல்லிசு வெள்ளைத் தாளைப் போர்த்தி, நாம சின்ன வயசுல காலணாவை வெச்சுத் தேய்ப்போமே, அதே மாதிரி பென்சிலைப் படுக்க வெச்சுத் தேயுங்க. அதுலயும் வரலைன்னா கோலமாவைப் பூசி உள்ளங்கையால ஒரு தடவை துடைங்க. பள்ளத்துல மாவு நிக்கும், மேட்டுல நிக்காது.

உள்ளே சேறு இருந்தா ஒரு பிடி அரிசியும் வெதுவெதுப்பான தண்ணியும் ஊத்திக் குலுக்குங்க. ஆசிட், கம்பி பிரஷ், கொதிக்கிற தண்ணி மூணும் கூடாது.

ஒரு வேலையும் இருக்கு. "ஓபோலி"ங்கிற அஞ்சு எழுத்து எத்தனை மில்லிமீட்டர் பிடிக்குது, அதுக்கு முன்னாடி தேஞ்ச வளைவு எத்தனை மில்லிமீட்டர்னு நூல் வெச்சு அளந்து சொல்லுங்க.

பூதலூரான் | திங்கள், இரவு 10:40

கண்ணாடிச் சில்லு ஐயா, ரொம்ப நன்றி. ஒரு விபத்தைச் சொல்லிடுறேன். நான் ஆபீஸ்ல இருந்து வர்றதுக்குள்ள அக்கா பையன் கோலியை எடுத்தே தீருவேன்னு சைக்கிள் போக்ஸ் கம்பியை உள்ளே விட்டுக் குடைஞ்சிருக்கான். உதட்டுல அரிசி அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்துடுச்சு. நூறு வருஷம் கிணத்துல பத்திரமா இருந்தது, எங்க வீட்டுக் கூடத்துல ஒரு மத்தியானம் தாங்கலை.

சரி, முடிவுகள். பென்சில் தேய்ப்புதான் கைகொடுத்தது. பின்பக்கம் முதல் வரி "டான் ரைலண்ட்ஸ்", ரெண்டாவது "பார்ன்ஸ்லி". சந்தேகமே இல்லை, ஒவ்வொரு எழுத்தும் வந்துடுச்சு. முன்பக்கம் மேல் வளைவு வரவே இல்லை. நடுவுல ஒரு நேர் வரி இருக்கு, நான் முதல்ல கவனிக்கலை. "...டெட் வா..."ன்னு துண்டு துண்டா தெரியுது.

அளவு: ஓபோலி 25 மில்லிமீட்டர். முன்னாடி வெற்று வளைவு 35 அல்லது 36.

அடி வளையம், புடைச்ச இடம் ரெண்டும் நீங்க சொன்ன மாதிரியே சொரசொரன்னு இருக்கு. கீறல் எல்லாத் திசையிலும் ஓடுது.

டீக்கடை பெஞ்ச் | திங்கள், இரவு 10:52

பார்ன்ஸ்லி இங்கிலாந்துல இருக்கு! கேஸ் முடிஞ்சது. வெள்ளைக்காரத் துரை கப்பல்ல வரும்போது கையோட சோடா கொண்டுவந்திருக்கான். குடிச்சிட்டு உங்க கிணத்துல போட்டுட்டான். நான் தூங்கப் போறேன்.

மலைக்கோட்டை வாசி | திங்கள், இரவு 11:20

பெஞ்ச் தம்பி, எழுந்திருங்க. துரைக்கு உங்க ஊர்க் கொல்லையில என்ன வேலை?

எங்க ஊர்ப் பேரை மறந்துட்டீங்களே எல்லாரும். திருச்சினாப்பள்ளியை இங்கிலீஷ்காரன் எப்படி எழுதினான்? ட்ரிச்சினோபோலி! பழைய ரயில்வே காகிதம், சுருட்டுப் பெட்டி, தபால் முத்திரை எல்லாத்துலயும் அதே எழுத்துதான். மொத்தம் 12 எழுத்து. கடைசி அஞ்சு ஓபோலி. முன்னாடி ஏழு. 25 மில்லிமீட்டருக்கு அஞ்சுன்னா ஒரு எழுத்துக்கு அஞ்சு மில்லிமீட்டர், ஏழுக்கு 35. பூதலூரான் அளந்தது 35, 36. கண்ணாடிச் சில்லு எதுக்கு அளக்கச் சொன்னார்னு இப்பதான் புரியுது. மனுஷன் காலையிலேயே கண்டுபிடிச்சிட்டு நம்மள அலைய விட்டிருக்கார்.

கண்ணாடிச் சில்லு | செவ்வாய், காலை 6:30

அலைய விடலை. விடையை முன்னாடியே சொல்லியிருந்தா நூலை இழுத்து 35க்குக் கொண்டுவந்துடுவோம். அளக்கிறவருக்கு விடை தெரியாம இருக்கிறதுதான் நல்லது.

ஆமாம், ட்ரிச்சினோபோலிதான். இந்தியாவுல ஓபோலின்னு முடியற வேற பெரிய ஊர் எனக்குத் தெரிஞ்சு இல்லை. நடு வரி "ஏரேட்டட் வாட்டர்", அதாவது காற்றேற்றிய தண்ணீர், சோடாவுக்கு அந்தக் காலத்துப் பேர்.

அப்போ பார்ன்ஸ்லி எதுக்கு? புதுசா வர்ற எல்லாரும் தடுக்கி விழற இடம் இதுதான், நானும் விழுந்திருக்கேன். ஒரு சோடா பாட்டிலுக்குப் பிறந்த வீடு ஒண்ணு, புகுந்த வீடு ஒண்ணு. அடியை ஒட்டிச் சின்ன எழுத்துல இருக்கிறது பாட்டிலைச் செஞ்சவன் பேர். முகத்துல பெரிசா இருக்கிறது அதுல சோடா அடைச்சு வித்தவன் பேர். அடியைப் படிச்சிட்டு "இங்கிலீஷ் சோடா"ன்னு முடிவு கட்டினா, பட்டுப்புடவையோட ஜரிகை சூரத்துல இருந்து வந்ததுன்னு காஞ்சிபுரத்தையே இல்லைன்னு சொன்ன மாதிரி ஆகிடும்.

பிறந்த வீட்டைப் பத்திச் சொல்றேன். இந்த பாட்டிலைக் கண்டுபிடிச்சவர் ஹைரம் காட், லண்டன்காரர், 1838ல பிறந்து 1887ல இறந்தவர். சோடாவுக்கு அதுவரைக்கும் தக்கைதான். தக்கை காய்ஞ்சா சுருங்கும், கேஸ் ஓடிடும். அதனாலேயே அடி கூம்பா, நிமிர்த்தி வைக்கவே முடியாத பாட்டில் ஒண்ணு செஞ்சு வெச்சிருந்தாங்க, ஹாமில்டன் பாட்டில்னு பேர். வெள்ளரிப் பிஞ்சு மாதிரி படுத்தே கிடக்கும், தக்கை எப்பவும் ஈரமா இருக்கும். காட் தக்கையையே தூக்கிட்டார். உள்ளே இருக்கிற கேஸே கோலியை மேலே தள்ளி ரப்பர் வளையத்துல அழுத்தி அடைச்சுக்கட்டும்னு விட்டுட்டார். காப்புரிமை வாங்கினது 1870களின் தொடக்கத்துல. பார்ன்ஸ்லி யார்க்‌ஷயர்ல இருக்கிற நிலக்கரி ஊர், கண்ணாடி உலைகளுக்குப் பேர் போனது. அங்கே பென் ரைலண்ட்ஸ் என்பவரோட காட் கூட்டுச் சேர்ந்தார். பென் 1881ல இறந்தார். மகன் டான் தொழிலைத் தொடர்ந்து, 1884 வாக்கில் காட்டோட பங்கையும் வாங்கிட்டார். உங்க பாட்டில்ல காட் பேர் இல்லாம டான் ரைலண்ட்ஸ் பேர் மட்டும் தனியா நிக்குது. அதனால 1880களின் நடுவுக்கு முன்னாடி போக நான் தயாரில்லை.

அப்போ இந்தியாவுல பாட்டில் வார்க்கத் தெரியாதான்னு கேட்பீங்க. வளையல் வார்த்தோம், குப்பி ஊதினோம். ஆனா கேஸோட அழுத்தத்தைத் தாங்குற, அச்சுல வார்த்த பாட்டிலுக்குத் தேவையான நவீன உலை இங்கே நிலைச்சது பிற்பாடுதான். மக்கள்கிட்ட காசு திரட்டி புனே பக்கம் நடத்தின தளேகாவ் பைசா ஃபண்ட் கண்ணாடி ஆலையே 1908ல வந்ததுதான். அதனால நம்ம சோடாக் கம்பெனிகள் "எங்க பேரை அச்சுல வெட்டு"ன்னு இங்கிலாந்துக்கு ஆர்டர் போட்டு, காலிப் பாட்டிலைப் பெட்டி பெட்டியா கப்பல்ல இறக்கினாங்க. சோடா வரலை, வெறும் கண்ணாடிதான் வந்தது. தண்ணி காவேரித் தண்ணிதான்.

மலைக்கோட்டை வாசி | செவ்வாய், காலை 8:15

காவேரித் தண்ணின்னு சொன்னீங்களே, காலையிலேயே வயிறு குளிர்ந்தது.

எங்க ஊர்ல சோடாவுக்கு ஏன் அவ்வளவு கிராக்கின்னா ரெண்டு காரணம். ஒண்ணு கண்டோன்மென்ட், பட்டாளம் இருந்த இடம். விஸ்கிக்கும் சோடா, வயித்துக்கும் சோடா. காலரா பயத்துல வெள்ளைக்காரன் பச்சைத் தண்ணியைத் தொடவே யோசிப்பான். ரெண்டாவது ரயில். நாகப்பட்டினத்துல இருந்து தஞ்சாவூர் வழியா திருச்சிக்கு 1860களின் தொடக்கத்துலயே தண்டவாளம் வந்தாச்சு. அந்தப் பாதையில பூதலூர் ஒரு ஸ்டேஷன். பாட்டில் திருச்சியில ரயிலேறி உங்க ஊர்ல இறங்க ரொம்ப நேரம் தேவைப்பட்டிருக்காது. உங்க வீட்டுல யாராவது ரயில்வேயில இருந்தாங்களா?

பூதலூரான் | செவ்வாய், காலை 9:02

இருந்தாங்க சார்! எங்க தாத்தாவோட அப்பா தண்டவாளம் பராமரிக்கிற கேங்மேனா இருந்தவர். படிச்ச உடனே கை சில்லிட்டுப் போச்சு. அம்மாவுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். "அவர் டூட்டி முடிஞ்சு வரும்போது பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிட்டு வருவாராம்னு உங்க தாத்தா சொல்வார்டா"ன்னாங்க. ஏதாவதுன்னா என்னன்னு அம்மாவுக்குத் தெரியலை. பொரிகடலையா, சோடாவான்னு நான் இழுத்துக் கேட்டா, நான் ஆசைப்படற பதிலைச் சொல்லிடுவாங்க. அதனால விட்டுட்டேன்.

கோலிகுண்டு | செவ்வாய், மதியம் 2:10

இந்த இழையை இப்பதான் பார்க்கேன். எங்க அப்பா சாத்தூர்ல சோடாக் கம்பெனி வெச்சிருந்தவங்க. கம்பெனின்னா பெருசா நினைக்காதீங்க. ஒரு தகரக் கொட்டகை, ஒரு மிஷின், அப்பா, ஒரு வேலையாள், ஞாயித்துக்கிழமை நான்.

கண்ணாடிச் சில்லு அண்ணாச்சி சொன்ன பிறந்த வீடு, புகுந்த வீடு சரிதான். ஆனா மூணாவதா ஒரு வீடு உண்டு, கடைசியா அதுல தண்ணி அடைச்சவன் வீடு. எங்க கொட்டகையில கிடந்த பாட்டில்ல மதுரைப் பேரும் இருக்கும், தூத்துக்குடிப் பேரும் இருக்கும். எல்லாத்துலயும் சாத்தூர்த் தண்ணிதான். கடைக்காரர் காலிப் பாட்டிலைத் திருப்பும்போது எது கையில கிடைக்கோ அதைப் பெட்டியில செருகி விட்டுருவார். உள்ளே இருக்கிற சோடாவை விடப் பாட்டில்தான் விலை கூட. பேரைக் கண்ணாடியிலேயே வார்த்ததும் அதுக்காகத்தான், அடுத்தவன் அடிச்சுக்கிட்டுப் போகக் கூடாதுன்னு. காகித லேபிள் ஒட்டினா ஒரு தடவை தண்ணித் தொட்டியில ஊறினதும் போயிரும். பேர் போட்டும் போனது போய்க்கிட்டேதான் இருந்தது. அப்பா அடியில சிவப்புப் பெயிண்ட்ல ஒரு பொட்டு வைப்பாங்க. அடுத்த தெருக் கம்பெனிக்காரர் பச்சைப் பொட்டு. மாசத்துக்கு ஒரு தடவை ரெண்டு பேரும் உக்காந்து பொட்டு பார்த்து மாத்திக்குவாங்க. பொட்டே இல்லாத பாட்டில் வந்தா டீ குடிக்கிற வரைக்கும் சண்டை நடக்கும்.

மிஷின் பத்திச் சொல்லுதேன். பாட்டிலைத் தலைகீழாத்தான் மாட்டணும். நிமிர்ந்து நின்னா கோலி கீழே விழுந்து கிடக்கும்லா, தலைகீழா நின்னாத்தான் அதுவா வந்து வாயில உக்காரும். சக்கரத்தைக் கையால சுத்தச் சுத்த, தண்ணியும் கேஸும் ஏறி "டக்"குன்னு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் சுத்தமா விழுந்தா ரப்பர் வாஷர் சரி. மொட்டையா விழுந்தா வாஷர் தேஞ்சிருச்சுன்னு அப்பா திரும்பிப் பார்க்காமலே சொல்லுவாங்க. எங்க காலத்துல சிலிண்டர் கேஸ். தாத்தா காலத்துல கந்தக ஆசிட்டையும் சோடா உப்பையும் ஈயம் பூசின பாத்திரத்துல கலந்து கேஸ் எடுத்திருக்காங்க. தாத்தாவோட வேட்டியெல்லாம் பொத்தல் பொத்தலா இருக்கும்னு ஆச்சி சொல்லும்.

பாட்டில்ல மயிரிழை விரிசல் இருந்தா மிஷின்லயே வெடிச்சிரும். மிஷின் மேல கம்பி வலை மூடியும் அதுக்கு மேல ஈரச் சாக்கும் போட்டுத்தான் சுத்தணும். அப்பாவுக்கு வலது புருவத்துல ஒரு தழும்பு உண்டு. "சாக்கு காய்ஞ்சிருந்த அன்னைக்கு விழுந்தது"ம்பாங்க.

வெடிச்ச பாட்டில் கோலி எனக்கு. பள்ளிக்கூடத்துல என்கிட்டதான் கோலி அதிகம். அதனாலதான் இந்தப் பேர்.

பூதலூரான் தம்பி, கழுத்துக் குழி எதுக்குன்னு தெரியுமா? அந்தக் குழி இருக்கிற பக்கம் கீழே வர்ற மாதிரி சாய்ச்சுக் குடிச்சா, கோலி அதுல தடுக்கி நின்னுக்கும். குழியைப் பார்க்காம சாய்ச்சா வந்து வாயை அடைக்கும். வெளியூர்க்காரனை அதை வெச்சே கண்டுபிடிச்சிரலாம்.

நல்லூர்க் காத்து | செவ்வாய், மாலை 5:44

வாசிக்க நல்லாயிருக்கு. எங்கட பக்கம் கோலி எண்டு சொல்லுறேல்லை, போளை. சின்னனில போளையடிச்சுத் திரிஞ்சனாங்கள். சோடா எண்டால் எங்களுக்கு எல்லாக் காஸ் குடிபானமும் சோடாதான், ஆரஞ்சு நிறமெண்டாலும் சோடா. நீங்கள் அதைக் "கலர்" எண்டு சொல்லுறதைக் கேட்டு நான் சென்னையில கடைக்காரரிட்ட "என்ன கலர்?" எண்டு திருப்பிக் கேட்டு முழுசினனான்.

ஒரு கேள்வி. கோலிகுண்டு அண்ணை சொல்லுற மாதிரி பாட்டில் ஊர் ஊரா மாறித் திரிஞ்சதெண்டால், இந்தப் பாட்டில் திருச்சியில இருந்து வந்தது எண்டு எப்பிடி உறுதியாச் சொல்லுறது?

சந்தேகப் பேர்வழி | செவ்வாய், இரவு 9:15

நல்லூர்க் காத்து கேட்டதுதான் சரியான கேள்வி. போலின்னு சந்தேகப்பட்டதை வாபஸ் வாங்கிக்கிறேன். தேய்மானத்தைப் பார்த்த பிறகு எனக்கும் பழசுன்னுதான் படுது. கோட்டுப் பரீட்சை இதுக்குச் செல்லாதுங்கிறது நான் தெரிஞ்சுக்காத விஷயம், நன்றி.

ஆனா இங்கே எல்லாரும் 1884ஐப் பிடிச்சுக்கிட்டு "நூத்து நாப்பது வருஷப் பாட்டில் கிணத்துல விழுந்தது"ன்னு கதை கட்ட ஆரம்பிச்சாச்சு. பாட்டில் பிறந்தது எப்போ, கிணத்துல விழுந்தது எப்போ, ரெண்டும் வேற. அடியும் வயிறும் இவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னா எத்தனை தடவை பெட்டியில ஏறி இறங்கியிருக்கும்? 1892ல வில்லியம் பெயிண்டர் அமெரிக்காவுல தகர மூடியைக் கண்டுபிடிச்ச பிறகு மத்த பெரும்பாலான நாடுகள்ல கோலி பாட்டில் படிப்படியா ஒழிஞ்சது. இங்கே ஒழியவே இல்லை. அதனால "இதுக்குப் பிறகு இருக்க முடியாது"ன்னு சொல்ல இந்தப் பாட்டில்ல எதுவுமே இல்லை. 1930ல கூட விழுந்திருக்கலாம். அப்போ அதுல கடைசியா இருந்தது திருவையாத்துத் தண்ணியாவும் இருக்கலாம்.

கண்ணாடிச் சில்லு | செவ்வாய், இரவு 9:50

ஒத்துக்கிறேன். நான் சொன்னது காலத்தோட கீழ் எல்லை மட்டும், அதாவது இதுக்கு முன்னாடி இருக்க முடியாதுங்கிறது. மேல் எல்லையைப் பாட்டில் சொல்லாது, கூடக் கிடைச்ச சேறும் சாமானும்தான் சொல்லணும். அந்தச் சேத்தை என்ன பண்ணினீங்க பூதலூரான்?

புதுமுகம் | செவ்வாய், இரவு 10:03

இது எத்தனை ரூபாய்க்குப் போகும்? எங்க பாட்டி வீட்டுலயும் ரெண்டு கிடக்கு.

மட்டுறுத்துநர் | செவ்வாய், இரவு 10:20

விலை பேச்சுக்கு இங்கே இடமில்லை, விதிகளைப் பார்க்கவும். பாட்டி வீட்டுப் பாட்டிலின் படத்தைத் தனி இழையில் போடுங்கள்.

மலைக்கோட்டை வாசி | புதன், காலை 7:40

கம்பெனிப் பேரைக் கண்டுபிடிக்க ஒரு வழி. அந்தக் காலத்துல சென்னையில அசைலம் பிரஸ் அல்மனாக்னு வருஷா வருஷம் ஒரு டைரக்டரி வந்துகிட்டிருந்தது. சென்னையோட நிக்காம தெற்கத்தி ஊர்களையும் சேர்த்து யார் என்ன தொழில் பண்றாங்கன்னு போடுவாங்க. சென்னை போறவங்க யாராவது கன்னிமாரா, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ரெண்டுலயும் கேட்டுப் பார்க்கலாம். திருச்சிப் பக்கத்தைத் திறந்து, 1885ல இருந்து ஒவ்வொரு வருஷமா, "அண்ட் கோ"ன்னு முடியற சோடாக்காரர் யாருன்னு பார்த்தா போதும். அடுத்த மாசம் எனக்குச் சென்னையில ஒரு கல்யாணம் இருக்கு. மொய் எழுதிட்டு அங்கே போயிடுறேன்.

பூதலூரான் | சனி, இரவு 8:30

ஊருக்கு வந்திருக்கேன். சேத்தைக் கொல்லைச் சுவரோரம் கொட்டி வெச்சிருந்தாங்க, நல்லவேளை வாழைக்கு இழுத்துப் போடலை. காய்ஞ்சு கட்டி கட்டியா கிடந்தது. நானும் அக்கா பையனும் காலையில இருந்து மண்வெட்டியால உடைச்சு சல்லடையில சலிச்சோம். பாட்டிலைக் குடைஞ்ச பாவத்துக்கு அவனுக்கு இது தண்டனை. ஆனா அவன்தான் என்னை விட ஆர்வமா சலிச்சான்.

கிடைச்சது: ஓட்டுத் துண்டு நிறைய. ஒரு காலணா, அதுல அஞ்சாம் ஜார்ஜ் தலை, வருஷம் 1919. சந்தேகப் பேர்வழி சார் எச்சரிச்ச மாதிரியே, 1880கள்ல விழுந்ததுன்னு நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல முடியாமப் போச்சு. கிணத்துச் சேறு அடுக்கு கலைஞ்சு வந்ததால காசுக்கு மேல பாட்டில் கிடந்ததா, கீழே கிடந்ததான்னு கேட்காதீங்க. தூர்வாரின ஆளுக்கும் ஞாபகம் இல்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு அவன் "மாமா!"ன்னு கத்தினான். கையில இன்னொரு பாட்டிலோட பெரிய துண்டு, கழுத்தோட. அதே பச்சைநீலம், அதே எழுத்து. இதுல ஊர்ப் பேர் இருக்கிற கீழ் வளைவு தேயவே இல்லை, ஆனா உடைஞ்சது. டி, ஆர், ஐ, சி, ஹெச், ஐ, என். அங்கே விரிசல். எங்க பாட்டில்ல எது இல்லையோ அந்த ஏழு எழுத்து மட்டும் இருக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படம் எடுத்திருக்கேன், பாருங்க. ஒரே ஊர்ப் பேர் போட்ட ரெண்டு பாட்டில் ஒரே கிணத்துல கிடக்குது. நல்லூர்க் காத்து, உங்க கேள்விக்கு இது முழுப் பதில் இல்லைதான். ஆனாலும் எனக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கு.

கம்பெனிப் பேர் இருக்க வேண்டிய மேல் வளைவு இதுல உடைஞ்சு போயிருக்கு. மலைக்கோட்டை சார், கல்யாணத்துக்கு மறக்காம போயிட்டு வாங்க.

இன்னொண்ணு. இந்தத் துண்டு கைதவறி விழுந்து உடைஞ்ச மாதிரி இல்லை. தோள்ல ஒரே இடத்துல கல்லால தட்டின காயம், அங்கே இருந்து விரிசல் நட்சத்திரம் மாதிரி ஓடுது. கழுத்து, குழி, உதடு எல்லாம் முழுசா இருக்கு. அந்தச் சேறு முழுக்க ரெண்டு தடவை சலிச்சுப் பார்த்துட்டோம். கோலி மட்டும் இல்லை.

கோலிகுண்டு | சனி, இரவு 8:47

இருக்காது தம்பி.